இதயச் சத்தங்களும் வால்வு நோய்களும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இதயப் பரிசோதனை சொல்லிக்கொடுக்கும்போது வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. முதல் வருடம் ஃபிசியாலஜியில் படித்த படம் ஒரு பக்கம் நிற்கிறது, வார்டில் நோயாளியின் நெஞ்சில் கேட்கிற சத்தம் இன்னொரு பக்கம் நிற்கிறது, இரண்டையும் யாரும் சேர்த்து வைப்பதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் இருக்கின்றன.

கார்டியாக் சைக்கிள் படத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

கார்ல் விக்கர்ஸ் என்ற அமெரிக்க ஃபிசியாலஜிஸ்ட்டின் பெயரால் வழங்கும் படம் அது. ஈ.சி.ஜி., அழுத்தம், கொள்ளளவு, சத்தம் என்று எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் மிரட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்காதீர்கள். ஒரு தாளில் மூன்று அழுத்தக் கோடுகளை மட்டும் வரையுங்கள்: இடது ஏட்ரியம் (மேல் அறை), இடது வென்ட்ரிக்கிள் (கீழ் அறை), அயோர்டா (பெருந்தமனி). வால்வு தானாக எதையும் முடிவு செய்வதில்லை, பின்னால் அழுத்தம் கூடினால் திறக்கும், முன்னால் கூடினால் மூடும், அவ்வளவுதான். அதனால் கோடுகள் எங்கெல்லாம் வெட்டிக்கொள்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு வால்வு அசைகிறது. வென்ட்ரிக்கிள் கோடு ஏறும்போது ஏட்ரியத்தைத் தாண்டினால் இரண்டுக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மூடுகிறது, அயோர்டாவைத் தாண்டினால் அயோர்டிக் வால்வு திறக்கிறது, இறங்கும்போது அயோர்டாவுக்குக் கீழே போனால் அயோர்டிக் மூடுகிறது, ஏட்ரியத்துக்கும் கீழே போனால் மைட்ரல் திறக்கிறது. நான்கே வெட்டுப்புள்ளிகள்.

எண்களில் கொஞ்சம் மனதில் இருந்தால் போதும். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்று 0.8 விநாடி, அதில் வென்ட்ரிக்கிள் சுருங்கும் சிஸ்டோல் சுமார் 0.3, தளர்ந்து நிரம்பும் டயஸ்டோல் சுமார் 0.5. இடது வென்ட்ரிக்கிள் சிஸ்டோலில் 120 மி.மீ. பாதரசம் வரை ஏறுகிறது, அயோர்டா 120-க்கும் 80-க்கும் நடுவே ஆடுகிறது, இடது ஏட்ரியம் பத்தை ஒட்டியே இருக்கிறது. வலது பக்கமும் இதே கதைதான், அங்கே உச்சம் 25 அளவில் நிற்கும். இடது வென்ட்ரிக்கிளில் நிரம்பும் 120 மி.லி.யில் சுமார் 70 மி.லி. வெளியேறுகிறது, ஈஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 60 சதவீதத்தை ஒட்டி வருவது அதனால்தான்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பலமுறை தேவைப்படும். துடிப்பு வேகமாகும்போது சிஸ்டோல் கொஞ்சம்தான் சுருங்குகிறது, டயஸ்டோல்தான் அடி வாங்குகிறது.

நான்கு வால்வும் ஒரே நேரத்தில் மூடியிருக்கும் என்கிறார்களே, அப்போ ரத்தம் எங்கே போகும்?

எங்கேயும் போகாது, அதுதான் விஷயம். மைட்ரல் மூடிய பிறகு வென்ட்ரிக்கிள் அழுத்தம் அயோர்டாவின் 80-ஐ எட்டும் வரை உள்ளே இருக்கும் ரத்தம் உள்ளேயே பிழியப்படுகிறது, கொள்ளளவு மாறுவதில்லை, அழுத்தம் மட்டும் ஏறுகிறது. இது ஐசோவால்யூமெட்ரிக் கான்ட்ராக்‌ஷன், விநாடியில் இருபதில் ஒரு பங்கு. அதேபோல் அயோர்டிக் வால்வு மூடி மைட்ரல் திறக்கும் வரை உள்ளது ஐசோவால்யூமெட்ரிக் ரிலாக்ஸேஷன். இந்த இரண்டு சின்ன இடைவெளிகளையும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ரத்தம் சுழித்து ஓடும் இரைச்சலுக்கு மர்மர் என்று பெயர். ஏ.எஸ். (அயோர்டிக் வால்வு குறுகுவது) மர்மரும் எம்.ஆர். (மைட்ரல் வால்வு கசிவது) மர்மரும் வேறு வேறு வடிவத்தில் கேட்பதற்கு இந்த இடைவெளிகள்தான் காரணம், அங்கே வரும்போது திரும்பவும் இதற்கு வருவோம்.

ஏட்ரியம் சுருங்கினால்தான் வென்ட்ரிக்கிள் நிரம்புமா?

இல்லை. மைட்ரல் திறந்த உடனே ரத்தம் தானாகவே கொட்டுகிறது, பெரும்பகுதி டயஸ்டோலின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே வந்துவிடும். கடைசியில் ஏட்ரியம் சுருங்கிக் கொடுப்பது 20 முதல் 30 சதவீதம். ஆரோக்கியமான இதயத்தில் ஓய்வாக இருக்கும்போது அது போனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வென்ட்ரிக்கிள் தடித்து விறைத்துப்போன ஏ.எஸ். நோயாளிக்கோ, மைட்ரல் குறுகிப்போன எம்.எஸ். நோயாளிக்கோ திடீரென்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏட்ரியம் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது) வந்தால் அன்றைக்கே மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

லப்-டப் என்பது வால்வுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தமா?

வால்வு மூடும் அந்தக் கணத்தில்தான் வருகிறது, ஆனால் இரண்டு இதழ்கள் தட்டிக்கொள்ளும் சத்தம் மட்டுமே அல்ல. ஓடிக்கொண்டிருந்த ரத்தம் சட்டென்று நிறுத்தப்படுகிறது, அந்த அதிர்ச்சியில் இதழ், அதைப் பிடித்திருக்கும் கார்டே நாண்கள், சுவர், ரத்தம் எல்லாமே சேர்ந்து அதிர்கின்றன. ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் குழாய் 'டொக்' என்று அதிரும் இல்லையா, அந்த மாதிரி. எஸ்1 (லப்) மைட்ரலும், வலது பக்கத்தில் அதற்கு இணையான ட்ரைகஸ்பிட்டும் மூடும் நேரம். எஸ்2 (டப்) அயோர்டிக்கும், வலது வென்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியிலுள்ள பல்மொனரியும் மூடும் நேரம். ஆரோக்கியமான வால்வு திறக்கும்போது சத்தம் வராது, திறக்கும்போது சத்தம் கேட்டால் அது நோய்.

எனக்கு எஸ்1, எஸ்2 இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது மேம். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கழுத்தில் கரோட்டிட் நாடியின்மேல் கட்டைவிரலை மெதுவாக வையுங்கள். நாடியோடு ஒட்டி வருவது எஸ்1, நாடி போன பிறகு வருவது எஸ்2. மணிக்கட்டு நாடியை நம்பாதீர்கள், அது அங்கே போய்ச் சேர்வதற்குள் தாமதமாகிவிடும். 'இரண்டு சத்தங்களுக்கு நடுவே நீளமான இடைவெளி டயஸ்டோல்' என்று படித்திருப்பீர்கள். 75 துடிப்பில் அது சரி. 120 துடிப்பில் டயஸ்டோல் சுருங்கி இரண்டு இடைவெளியும் சமமாகிவிடும், அப்போது அந்த விதி உங்களைக் கைவிட்டுவிடும், விரல் கைவிடாது.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மர்மர் கேட்டுவிட்டு அதைத் தவறான நேரத்தில் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் யோசிப்பது எல்லாமே தவறாகத்தான் போகும். கட்டைவிரலைக் கழுத்தில் வைக்காமல் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்காதீர்கள், முதல் நாளிலிருந்தே இது பழக்கமாகட்டும்.

எம்.எஸ்.-இல் எஸ்1 சத்தமாகக் கேட்கும், சில எம்.எஸ்.-இல் மெதுவாகக் கேட்கும் என்று இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. காற்றில் கதவு அறைந்து சாத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் திறந்திருந்த கதவு சாத்தினால் வீடே அதிரும், ஏற்கெனவே ஒருக்களித்திருந்த கதவு சாத்தினால் சத்தமே வராது. எம்.எஸ்.-இல் டயஸ்டோல் முடியும் வரை ஏட்ரியத்தில் அழுத்தம் அதிகம், அதனால் இதழ்கள் கடைசி வரை விரிந்தே நிற்கின்றன, வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது தூரத்திலிருந்து வந்து அறைகின்றன. அதனால் உரத்த எஸ்1. ஆனால் இதழ்களில் கால்சியம் படிந்து அசையவே முடியாமல் போனால் அது துருப்பிடித்த கீல், சத்தம் அமுங்கிவிடும்.

ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி (ஏட்ரியத்திலிருந்து வென்ட்ரிக்கிளுக்கு மின்தூண்டல் போகும் நேரம்) நீண்டால் எஸ்1 மெதுவாகக் கேட்பதும் இதனால்தான்: ஏட்ரியம் சுருங்கி வெகுநேரம் ஆகிவிடுவதால் இதழ்கள் தாமாகவே ஒருக்களித்துவிடுகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஒவ்வொரு துடிப்புக்கும் நேரம் வேறுபடுவதால் எஸ்1 ஒரு முறை உரத்தும் ஒரு முறை மெதுவாகவும் கேட்கும்.

மூச்சை இழுத்தால் எஸ்2 ஏன் இரண்டாகப் பிரிகிறது?

மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, வலது பக்கத்துக்கு அதிக ரத்தம் வருகிறது, அதை வெளியேற்ற வலது வென்ட்ரிக்கிளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அதனால் பி2, அதாவது எஸ்2-இன் பல்மொனரிப் பகுதி, தள்ளிப்போகிறது. அதே சமயம் நுரையீரல் கொஞ்சம் ரத்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால் இடது பக்கத்துக்குக் குறைவாக வந்து அயோர்டிக் பகுதியான ஏ2 சற்று முந்துகிறது. இதைக் கேட்க இடது இரண்டாவது இடைவிலாப் பகுதி, டயஃப்ரம் (ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான பக்கம்), ஒல்லியான ஒரு நண்பன் போதும். சாதாரணமாக மூச்சு விடச் சொல்லுங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிரிவதும் சேர்வதும் போய்விடும்.

இது புரிந்தால் மற்றவை தானாக வரும். ஏ.எஸ்.டி.யில் இரண்டு ஏட்ரியமும் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் மூச்சின் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் பங்கிடப்படுகிறது, அதனால் பிளவு அகலமாகவும் மாறாமலும் நிற்கும். வலது பண்டில் அடைப்பில் (வலது வென்ட்ரிக்கிளுக்கு மின்தூண்டல் தாமதமாகப் போவது) பி2 இன்னும் தாமதம், பிளவு அகலம், ஆனால் மூச்சோடு மாறும். இடது பண்டில் அடைப்பிலோ கடுமையான ஏ.எஸ்.-இலோ ஏ2 தாமதமாகி பி2-க்குப் பின்னால் போய்விடுகிறது, மூச்சை இழுத்தால் பி2 தள்ளிவந்து ஏ2-வோடு சேர்ந்துகொள்ளும். அதனால் மூச்சை விடும்போது பிரிந்தும் இழுக்கும்போது சேர்ந்தும் கேட்கும். மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

எஸ்3, எஸ்4 எல்லாம் உண்மையிலேயே கேட்குமா? எனக்கு ஒரு முறைகூடக் கேட்டதில்லை

கேட்கும், ஆனால் அவை தாழ்ந்த சத்தங்கள், காதால் கேட்பதைவிட உணர்வது மாதிரி இருக்கும். பெல்லை (ஸ்டெதஸ்கோப்பின் குழிந்த பக்கம்) ஏபெக்ஸில் (இதயத்தின் நுனி துடிக்கும் இடம்) லேசாக, தோலைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். அழுத்தினால் தோலே இழுபட்டு டயஃப்ரம் ஆகிவிடும், நீங்கள் தேடும் சத்தம் மறைந்துவிடும். கேட்டதில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அழுத்திப் பிடித்தவர்கள்தான்.

எஸ்3 என்பது மைட்ரல் திறந்து ரத்தம் கொட்டும் அந்த முதல் வேகம் நிற்கும்போது வருவது, எஸ்2-க்குக் கொஞ்சம் பின்னால்: லப் டப்-டு. எஸ்4 ஏட்ரியம் விறைத்த வென்ட்ரிக்கிளுக்குள் தள்ளும்போது வருவது, எஸ்1-க்குச் சற்று முன்னால்: டு-லப் டப். துடிப்பு வேகமாக இருந்தால் மூன்றும் சேர்ந்து மிருதங்கத்தில் 'தகிட தகிட' என்று ஓடுகிற மாதிரி வரும், அதுதான் காலப். எஸ்3 குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் நோயில்லாமலே வரலாம். நாற்பது தாண்டியவரிடம் கேட்டால் இதயம் தளர்ந்திருக்கிறதா, வால்வு கசிகிறதா என்று பாருங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரிடம் எஸ்4 கேட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கே சுருங்குவதற்கு ஏட்ரியம் தயாராக இல்லை.

நான்கு இடங்களில் கேட்கச் சொல்கிறார்களே, வால்வுகள் அந்த இடங்களிலா இருக்கின்றன?

இல்லை. நான்கு வால்வும் நெஞ்செலும்புக்குப் பின்னால் நெருக்கமாக ஒரே இடத்தில் இருக்கின்றன. ரத்தம் போகும் திசையில் சத்தம் கடத்தப்படுவதால் அது நன்றாகக் கேட்கும் இடங்கள்தான் அவை. நான்கிலும் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், ஏபெக்ஸிலிருந்து மேலே வரை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேளுங்கள்.

மர்மர் கேட்டது. முதலில் எதை யோசிப்பது?

சிஸ்டோலா, டயஸ்டோலா. விரல் அதைச் சொல்லும். பிறகு, அந்த நேரத்தில் எந்த வால்வு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். சிஸ்டோலில் அயோர்டிக்கும் பல்மொனரியும் திறந்திருக்க வேண்டும், ஆகவே அப்போது வரும் மர்மர் அவை குறுகியதால் வரலாம். மைட்ரலும் ட்ரைகஸ்பிட்டும் மூடியிருக்க வேண்டும், ஆகவே அவை கசிவதாலும் வரலாம். டயஸ்டோலில் அப்படியே தலைகீழ். பட்டியல் போட்டுப் படிக்காமல் இதிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

டயஸ்டோலிக் மர்மர் எதுவானாலும் அதை நோயாகவே எடுத்துக்கொண்டு எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய, சுருக்கமான சிஸ்டோலிக் மர்மர் காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் கர்ப்பத்திலும் வரும்.

எம்.எஸ். மர்மர் மட்டும் எனக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது. புத்தகத்தில் இருக்கிறது, நோயாளியிடம் இல்லை

நோயாளியிடம் இருக்கிறது. ஒரு மதியம் ஆறு மாணவர்கள் வரிசையாக ஒரு அம்மாவின் நெஞ்சில் கேட்டுவிட்டு 'எஸ்1, எஸ்2 கேட்டது, மர்மர் இல்லை' என்றார்கள். ஆறு பேருமே மல்லாந்து படுத்திருந்தவரிடம் டயஃப்ரமை வைத்துத்தான் கேட்டார்கள், தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறியை நிறுத்தினோம். அந்த அம்மாவால் முடியும் என்று உறுதி செய்துகொண்டு, வார்டு வாசல் வரை ஒரு முறை நடந்து வரச் சொன்னோம். வந்ததும் இடது பக்கமாகத் திரும்பிப் படுக்க வைத்து, ஏபெக்ஸ் துடிப்பை ஒற்றை விரலால் தேடிப் பிடித்து, விரல் இருந்த அதே இடத்தில் பெல்லை லேசாக வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னோம். தூரத்தில் இடி உருளுகிற மாதிரி ஒரு உறுமல், எஸ்1-ஐ நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போய் 'டக்' என்று முடிந்தது. ஆறு பேருக்கும் கேட்டது. கடைசியாகக் கேட்ட பெண் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே மனமில்லாமல் இருந்தாள்.

நடக்க வைத்தது எதற்கு என்றால், வால்வைக் கடக்கும் ரத்தம் கூடினால் மர்மர் எழும். எஸ்1-க்கு முன் கூடுவது ஏட்ரியம் சுருங்குவதால். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்துவிட்டால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் போய்விடும், உறுமல் மட்டும் மிஞ்சும்.

ஓபனிங் ஸ்னாப் எஸ்2-க்குப் பக்கத்தில் வந்தால் நோய் கடுமை என்கிறார்கள். ஏன் பக்கத்தில்?

எம்.எஸ்.-இல் மைட்ரல் திறக்கும்போது வரும் சத்தம்தான் ஓபனிங் ஸ்னாப். முதல் பதிலில் வரைந்த மூன்று கோடுகளை எடுங்கள். வென்ட்ரிக்கிள் கோடு இறங்கி ஏட்ரியம் கோட்டை வெட்டும் இடத்தில் மைட்ரல் திறக்கிறது. நோய் கடுமையானால் ஏட்ரியம் கோடு உயரத்தில் இருக்கும், 10-க்குப் பதில் 25 என்று வையுங்கள். இறங்கிவரும் கோடு அதைச் சீக்கிரமே சந்தித்துவிடும். அதனால் ஏ2-க்கும் ஸ்னாப்புக்கும் நடுவில் இடைவெளி குறைகிறது. மர்மரின் உரப்பு கடுமையைச் சொல்வதில்லை, அதன் நீளம் சொல்லும்: டயஸ்டோல் முழுக்க நீண்டால் கடுமை.

ஸ்னாப் கேட்டால் இதழ்கள் இன்னும் வளைந்து கொடுக்கின்றன என்று அர்த்தம், பலூன் சிகிச்சை பற்றி யோசிப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. சாதாரண மைட்ரல் திறப்பு 4 முதல் 6 சதுர செ.மீ., இப்போதைய வழிகாட்டுதல்களில் 1.5 அல்லது அதற்குக் கீழ் வந்தாலே கடுமை என்று எழுதுகிறார்கள். பழைய நோட்ஸில் 1 என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

இத்தனை வருடம் தொந்தரவே இல்லாத எம்.எஸ். நோயாளிக்குக் கர்ப்பத்தில் மட்டும் ஏன் மூச்சுத் திணறுகிறது?

கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. குறுகிய வால்வு வழியாக அதிக ரத்தம் போக வேண்டும், ஆனால் அதற்கான நேரம், அதாவது டயஸ்டோல், முதல் பதிலில் சொன்னபடி சுருங்கிவிட்டது. ஏட்ரியத்தில் அழுத்தம் ஏறி அது நுரையீரலுக்குப் போகிறது. இங்கே பீட்டா பிளாக்கர் உதவுவது அதனால்தான், அது துடிப்பைக் குறைத்து நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது. பிரசவம் முடிந்த உடனே சுருங்கும் கருப்பை ரத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் அந்த முதல் சில மணி நேரம் மிக ஆபத்தானது, 'குழந்தை பிறந்துவிட்டது, இனி கவலையில்லை' என்று கண்ணை எடுத்துவிடக் கூடாது.

நம் நாட்டில் இளம் பெண்களிடம் எம்.எஸ். இன்னும் இருக்கிறது, சின்ன வயதில் வந்து வால்வைக் கெடுத்த ருமாட்டிக் காய்ச்சல் அவர்களுக்கே நினைவில் இருக்காது. முதல் கர்ப்பத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது. ஆன்டிநேட்டல் செக்கப்பில் 'கர்ப்பத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும்' என்று அனுப்பிவிடுவதற்கு முன் ஒரு முறை இடது பக்கம் திருப்பிக் கேளுங்கள்.

ஏ.எஸ்., எம்.ஆர். இரண்டுமே சிஸ்டோலிக் மர்மர். ஏபெக்ஸில் கேட்டால் எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் ஐசோவால்யூமெட்ரிக் இடைவெளிகள் திரும்ப வருகின்றன. ஏ.எஸ்.-இல் அயோர்டிக் வால்வு திறந்த பிறகுதான் மர்மர் தொடங்க முடியும், அதனால் எஸ்1-க்குப் பின் ஒரு சின்ன இடைவெளி விட்டு எழுந்து, உச்சம் தொட்டு, எஸ்2-க்கு முன் இறங்கிவிடும். எம்.ஆர்.-இல் வென்ட்ரிக்கிள் அழுத்தம் ஏட்ரியத்தைத் தாண்டிய அந்தக் கணத்திலேயே கசிவு தொடங்கி, ஏ2 வரைக்கும், சில சமயம் அதற்குச் சற்றுப் பின்னும் நீடிக்கும். அதனால் அது ஒரே மட்டமாக எஸ்1-இலிருந்து எஸ்2 வரை நிரப்பிக்கொள்கிறது. ஏ.எஸ். கழுத்துக்கு ஏறும், எம்.ஆர். அக்குளுக்குப் போகும். ஆனால் பின் இதழ் கிழிந்த எம்.ஆர். நெஞ்சின் மேல்பகுதிக்கும் போகும், முதியவர்களின் ஏ.எஸ். ஏபெக்ஸில் இசை மாதிரி கேட்கும், கல்லவர்தான் என்ற பெயரோடு அது உங்களை ஏமாற்றும். அதனால் பரவும் திசையை மட்டும் நம்பாதீர்கள்.

நாடியைப் பிடியுங்கள். மெதுவாக எழுந்து தாமதமாக உச்சம் தொடும் நாடி ஏ.எஸ்.-ஐச் சொல்லும். இன்னொரு அழகான வழி, எக்டோபிக் (நேரத்துக்கு முன்பே வரும்) துடிப்புக்குப் பின் வரும் நீண்ட இடைவெளியை அடுத்த துடிப்பில் ஏ.எஸ். மர்மர் உரக்கும், எம்.ஆர். அப்படியே இருக்கும்.

மர்மர் பெரிதாக இருந்தால் நோயும் பெரிதுதானே?

இல்லை, இதைத்தான் அதிகம் தவறாகச் சொல்கிறார்கள். 1933-இல் ஃப்ரீமனும் லெவைனும் கொடுத்த ஆறு படி அளவு உரப்பை மட்டுமே அளக்கிறது, நான்காம் படியிலிருந்து கையில் த்ரில், அதாவது அதிர்வு, தெரியும். சின்ன வி.எஸ்.டி. (வென்ட்ரிக்கிள்களுக்கு நடுவே ஓட்டை) காது கிழியக் கேட்கும். ஏ.எஸ். நோயாளியின் வென்ட்ரிக்கிள் களைத்துப்போனால் மர்மர் மெலிந்துவிடும், அப்போது அவர் முன்பைவிட மோசமான நிலையில் இருக்கிறார். ஏ.எஸ்.-இல் கடுமைக்குப் பாருங்கள்: மர்மரின் உச்சம் தாமதமாக வருகிறதா, ஏ2 மெலிந்ததா, நாடி மெதுவாக எழுகிறதா. எக்கோவில் திறப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழ், சராசரி கிரேடியன்ட் (வால்வின் இரண்டு பக்க அழுத்த வித்தியாசம்) 40 மி.மீ. பாதரசம், வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்பவை கடுமைக்கான கோடுகள்.

எல்லாவற்றையும்விட நோயாளி சொல்வதைக் கேளுங்கள். 1968-இல் ராஸும் பிரான்வால்டும் எழுதியது இன்றும் ஒவ்வொரு வார்டிலும் சொல்லப்படுகிறது: சிகிச்சையில்லாமல் விட்டால் நெஞ்சுவலி வந்தவருக்குச் சுமார் 5 வருடம், மயக்கம் வந்தவருக்கு 3, இதயம் தளர்ந்து மூச்சு வாங்கியவருக்கு 2. மாடி ஏறும்போது ஒரு முறை கண் இருட்டியது என்று பெரியவர் போகிறபோக்கில் சொன்னால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏ.ஆர்.-க்கு இருபது சைன் பெயர்கள் இருக்கின்றன. எல்லாம் படிக்க வேண்டுமா?

ஏ.ஆர்., அதாவது அயோர்டிக் கசிவில், எல்லாச் சைன்களுக்கும் ஒரே காரணம்தான். வென்ட்ரிக்கிள் அதிக ரத்தத்தை வேகமாகத் தள்ளுகிறது, உடனே அதில் ஒரு பங்கு திரும்பி ஓடிவிடுகிறது, நாடி எழுந்து விழுகிறது. டப்ளினில் காரிகன் 1832-இல் எழுதிய நாடி, பிரெஞ்சுக் கவிஞர் முசேயின் தலையாட்டம், நகத்தில் தெரியும் குவின்கே துடிப்பு எல்லாம் இதன் வேறு வேறு முகங்கள். ரத்த அழுத்தம் 160/50 என்று வந்தாலே பாதி தெரிந்துவிடும். மர்மருக்கு நோயாளியை உட்கார வைத்து, முன்னால் சாயச் சொல்லி, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி, இடது மூன்றாவது இடைவிலாவில் டயஃப்ரமை அழுத்தி வையுங்கள். எஸ்2-இலிருந்தே தொடங்கித் தேய்ந்துபோகும் மூச்சுக்காற்று போன்ற ஒலி.

ஆனால் திடீரென்று வரும் ஏ.ஆர்.-இல், எண்டோகார்டைட்டிஸிலோ (வால்வில் கிருமித் தொற்று) அயோர்டா கிழிவதாலோ வருவதில், இந்தச் சைன்கள் ஒன்றுமே இருக்காது. வென்ட்ரிக்கிளுக்கு விரிய நேரமே கிடைக்கவில்லை, உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறி மர்மர் சுருங்கிவிடும், மைட்ரல் நேரத்துக்கு முன்பே மூடி எஸ்1 மெலிந்துவிடும். மூச்சுத் திணறி வேர்த்துக் கொட்டும் நோயாளியிடம் தலையாட்டம் இல்லை என்று ஏ.ஆர்.-ஐ ஒதுக்கினால் உயிர் போகும்.

வல்சால்வா, ஸ்க்வாட்டிங்கில் எது கூடும் எது குறையும் என்று ஒவ்வொரு தேர்விலும் மறந்துவிடுகிறது

இதயத்துக்குள் வரும் ரத்தம் குறைந்தால் பெரும்பாலான மர்மர்கள் குறையும். எழுந்து நிற்பதும் வல்சால்வாவில் முக்குவதும் ரத்தத்தைக் குறைக்கின்றன. இரண்டே இரண்டு மட்டும் எதிராகப் போகும்: தடித்த தசை வழியை அடைக்கும் ஹெச்.ஓ.சி.எம்., மைட்ரல் ப்ரோலாப்ஸ். வென்ட்ரிக்கிள் சின்னதானால் ஒன்றில் வழி இன்னும் குறுகும், இன்னொன்றில் இதழ் இன்னும் சீக்கிரம் பின்னுக்குச் சரியும். குந்தி உட்கார்ந்தால் இவை இரண்டும் குறையும். கையை இறுக்கி மூடினால் எதிர்ப்பு கூடுவதால் எம்.ஆர்., ஏ.ஆர்., வி.எஸ்.டி. உரக்கும். வலது பக்க மர்மர்கள் மூச்சை இழுக்கும்போது கூடும், ட்ரைகஸ்பிட் கசிவில் இதற்குக் கார்வல்லோ சைன் என்று பெயர்.

எம்.எஸ். கேஸில் எஸ்3 கேட்டது என்று சொன்னேன், எக்ஸாமினர் முகம் மாறிவிட்டது. என்ன தவறு?

எஸ்3 வர ரத்தம் வேகமாகக் கொட்ட வேண்டும் என்று பார்த்தோம். குறுகிய மைட்ரல் அந்த வேகத்தைத்தான் தடுக்கிறது. அதனால் தனி எம்.எஸ்.-இல் இடது எஸ்3 வராது. நீங்கள் கேட்டது ஓபனிங் ஸ்னாப்பாக இருக்கலாம். அது உயர்ந்த, டயஃப்ரமில் தெளிவாகக் கேட்கும் சத்தம், எஸ்2-க்கு இன்னும் அருகில் வரும். உண்மையிலேயே இடது எஸ்3தான் என்றால் கூடவே நல்ல அளவு எம்.ஆர். இருக்கிறது, அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இதே மாதிரி இன்னொரு பொறி: ஏ.ஆர். நோயாளியின் ஏபெக்ஸில் டயஸ்டோலிக் உறுமல். 1862-இல் ஆஸ்டின் ஃப்ளின்ட் விவரித்தது, மைட்ரலில் நோயே இல்லாமல் வருவது. உரத்த எஸ்1-உம் ஸ்னாப்பும் இருந்தால் எம்.எஸ்., இரண்டும் இல்லாமல் எஸ்3 இருந்தால் ஃப்ளின்ட்.

கண்டுபிடித்துவிட்டோம். அடுத்து என்ன செய்வார்கள்?

வளைந்து கொடுக்கும் மைட்ரல் என்றால் பலூன், ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984-இல் வெளியிட்ட முறை. இடது ஏட்ரியத்தில் ரத்தக்கட்டியோ கணிசமான எம்.ஆர்.-ஓ இருந்தால் செய்வதில்லை. வால்வு மாற்றும் அறுவை சிகிச்சையில் 1960-இல் ஸ்டார்-எட்வர்ட்ஸ் பந்து வால்வு வந்தது. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது, இறக்குமதி வால்வின் விலை கட்ட முடியாத எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். அறுவை தாங்காத முதியவர்களின் ஏ.எஸ்.-க்குக் கதீட்டர் வழியே வால்வு வைப்பதை 2002-இல் பிரான்சில் அலென் க்ரிபியே தொடங்கிவைத்தார்.

உலோக வால்வு வைத்தவருக்கு ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) பார்த்துக்கொண்டே. புதிய ரத்த இளக்கிகள் இங்கே கூடாது. ருமாட்டிக் எம்.எஸ்.-ஓடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான், 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு புதிய வகையான ரிவராக்சபானைவிட அதுவே மேல் என்று காட்டியது.

வால்வையே மாற்றிவிட்டோம் மேம், இனி எதற்குப் பென்சிலின் ஊசி?

மாற்றியது ஒரு வால்வை. மற்ற மூன்றும் அவருடையவை, ருமாட்டிக் காய்ச்சல் திரும்பி வந்தால் அவையும் போகும். அதனால் பென்சாதின் பென்சிலின் பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை. நம் ஊரில் 21 நாள் என்பதே வழக்கம். வால்வு பாதிப்பு மிஞ்சியிருந்தால் குறைந்தது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. இதையும் பல் பிடுங்குவதற்கு முன் எண்டோகார்டைட்டிஸ் வராமல் கொடுக்கும் அமாக்சிசிலின் 2 கிராமையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு வேறு கிருமிக்கான வேறு வேறு காவல். செயற்கை வால்வு உள்ள ருமாட்டிக் நோயாளிக்கு இரண்டுமே தேவைப்படும், மாதாமாதம் பென்சிலின் போடுகிறார் என்பதற்காகப் பல் சிகிச்சைக்கு முன் கொடுப்பதை விட்டுவிட முடியாது.

ஊசி வலிக்கும், அதனால் பாதியில் விட்டுவிடுகிறார்கள், குறிப்பாகப் பதின்வயதுப் பிள்ளைகள். நோயாளியின் நோட்டை வாங்கிக் கடைசி ஊசியின் தேதியைப் பாருங்கள், அடுத்த தேதியை நீங்களே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.